ஏழு பேர் சொன்னது

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

பசறையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. இன்றைக்கு அதுவே பெரிய விசேஷம். மடியில் ஆறாம் வகுப்புக் கொப்பிகள். பாதி தூரம் வரை திருத்திக்கொண்டு வந்தேன்.

இன்றும் பெரியாயி அத்தைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு தேயிலை நிரை விட்டுத்தான் கொழுந்து பறித்தார்களாம். அம்மா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், ரசத்தில் உப்புக் குறைவு என்று சொல்கிற மாதிரி.

அவளை ஒதுக்கி ஒரு மாதம் ஆகிறது. சம்பளப் பிரச்சினை தீரும்வரை மெதுவாகப் பறிப்பது என்று சங்கத்தில் முடிவெடுத்தார்கள். யோசனை அப்பாவுடையது. தோட்டத்தில் எங்கள் டிவிசனுக்கு அவர்தான் சங்கத் தலைவர். பத்தாம் நாள் மூன்று பேரை மட்டும் தோட்டத்து மனேஜர் துரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். மூன்று பெயர் எப்படிப் போனது? பெரியாயி துரையின் பங்களாவுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள் என்றார்கள். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் கூடி, அவள் வீட்டோடு யாரும் புழங்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். பேச்சு இல்லை. கொடுக்கல் வாங்கல் இல்லை. நல்லது கெட்டதுக்குப் போவதில்லை.

அன்று நான் எங்கள் லயத்து வீட்டுக் காம்பராவுக்குள் இருந்து ஆய்வேட்டுக்கு அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 15, சனி

இரண்டாம் அத்தியாயம் நகரவில்லை.

என்னை யாராவது கேட்டால் சொல்லச் சிரமமான விஷயம் இது. பதுளையில் உயர்தரம் படித்தபோது, கலைப்பிரிவில் மூன்றாவது பாடமாக எடுக்க ஆசிரியர் இருந்தது இஸ்லாமிய நாகரிகத்துக்கு மட்டும். லயத்திலிருந்து போன நான்கு பெண்கள் அதை எடுத்தோம். மற்ற மூவரும் பரீட்சையோடு விட்டார்கள். நான் விடவில்லை. இப்போது முதுமாணி வரை வந்திருக்கிறது. "உங்கட ஆக்கள் ஏச மாட்டாங்களா பிள்ளை?" என்று ஜஸீல் சேர் அப்போது கேட்டார். ஏசுவதற்கு அது என்ன பாடம் என்று யாருக்காவது தெரிய வேண்டுமே.

என்னுடைய மனிதர் பதினோராம் நூற்றாண்டுக்காரர். கொராசானிலிருந்து இருபத்து மூன்று வயதில் பக்தாதுக்கு வந்த ஷீஆ அறிஞர். (பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பகல் முழுக்க அதைத்தான் எழுதுகிறேன்.) நபியும் இமாம்களும் சொன்னதாக வாய்வழி வந்த அறிவிப்புகளைத் தொகுத்தவர். அவற்றுள் ஒன்றுக்கொன்று முரணானவை ஏராளம். எதிராளிகள் அதைக் காட்டிச் சிரித்தார்கள். சொந்த ஆட்களே சிலர் மனம் வெறுத்து விலகிப்போனார்கள். அவர் என்ன செய்திருக்கலாம்? பிடிக்காததை விட்டுவிட்டுப் பிடித்ததை மட்டும் எழுதியிருக்கலாம். செய்யவில்லை. முரணானவற்றையும் எழுதினார். எழுதி, பக்கத்திலேயே விளக்கம் வைத்தார். யார் யாரிடம் கேட்டது, அந்த ஆள் நம்பத் தகுந்தவனா என்று ஆட்களைப் பற்றியும் தனியாக எழுதினார்.

கலவரத்தில் அவருடைய வீட்டையும் புத்தகங்களையும் கொளுத்தினார்கள். உட்கார்ந்து பாடம் சொல்லும் நாற்காலியைக்கூட விடவில்லை. அவர் நஜஃபுக்குப் போய் மறுபடி தொடங்கினார். அறுபது வயதுக்கு மேல்.

பொய்யையும் பத்திரப்படுத்த வேண்டுமா? இந்தக் கேள்வியில்தான் அத்தியாயம் நிற்கிறது.

பெப்ரவரி 16, ஞாயிறு

மலையூற்று விழும் பீலியடியில் தண்ணீருக்கு நின்றோம். பெரியாயி அத்தை குடத்தோடு வருவதைக் கண்டதும் தனுஜா குரலை உயர்த்தினாள். "ரேடியோ வருதுடி. எல்லாரும் வாய மூடுங்க, தொரைக்குக் கேட்ரும்."

"எந்த ஸ்டேஷன்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பங்களா ஸ்டேஷன். ஆறு மணிக்கு நியூஸ்."

சிரித்தார்கள். நல்ல பகிடிதான், எனக்கும் உதடு அசைந்தது. அத்தை குடத்தைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரும் பிடித்து முடியும்வரை தள்ளி நின்றாள். கடைசி ஆள் போகும்போது அத்தையின் குடத்தைக் காலால் தட்டிவிட்டுப் போனாள். குடம் சரிவில் உருண்டது. அத்தை அதன் பின்னால் ஓடவில்லை. மெதுவாக இறங்கிப் போய் எடுத்து வந்தாள்.

பெப்ரவரி 19, புதன்

பெரியாயி அத்தையின் புருஷன் மாடசாமி மாமாவின் இருமல் நான்கு காம்பரா தாண்டிக் கேட்கிறது.

பெப்ரவரி 23, ஞாயிறு

போனேன். அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, பின்பக்கமாக அத்தை வீட்டுக்கு.

மாமா எலும்பாகக் கிடக்கிறார். நெஞ்சு. வைத்தியம் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்களாம். மகள் சவூதியில், ஒப்பந்தம் முடியாமல் விடமாட்டார்கள். என்னைக் கண்டதும் மாமா எழும்பப் பார்த்தார். "வாங்க டீச்சர். ஒங்கப்பா அனுப்பினாரா, குழி அளவு எடுக்க?"

"பேசாம கெடங்க" என்றாள் அத்தை.

"என்னா பேசாம? இந்த லயத்துல முப்பது வருசமா குழி வெட்டினவன் நானு. இவ தாத்தாவுக்கும் நான்தான் எறங்கினேன். அன்னிக்கு மழ. ஊறின மண்ணு, வெட்ட வெட்ட சரியுது..." இருமல் வந்து பேச்சை அறுத்தது.

அத்தை என்னை வெளியே இஸ்தோப்புத் திண்ணைக்குக் கூட்டி வந்தாள். அழவில்லை. "எனக்கு யாரும் பேச வேணாம் தாயி. பழகிப் போச்சு. இவரு போற அன்னிக்கு நாலு பேரு தூக்க வரணும். குழி வெட்ட ரெண்டு பேரு. அவ்வளவுதான். அப்பாகிட்ட கேட்டுப் பாக்குறியா?"

"நீங்க அன்னைக்குப் பங்களாவுக்குப் போனீங்களா அத்தை?"

"போனேன். இவருக்கு மூச்சு முட்டிருச்சு. டிஸ்பென்சரி பூட்டிக் கெடந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு லொறி கேக்கப் போனேன்."

"அத ஏன் கூட்டத்துல சொல்லல்ல?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "யாரு கேட்டா?"

பெப்ரவரி 26, புதன்

அப்பாவிடம் கேட்டேன். "நாலு பேரு சொல்றாங்கன்னா சும்மாவா சொல்லுவாங்க?" என்றார்.

எந்த நாலு பேர்? யார் யாரிடம் கேட்டது? இது எனக்குத் தெரிந்த வேலை. வேறெதுவும் தெரியாது, இது தெரியும்.

மார்ச் 2, ஞாயிறு

புது சி.ஆர். கொப்பி. ஒவ்வொருவரிடமும் போய், அவர் சொல்வதை அவர் வாயில் வந்த மாதிரியே எழுதுவது. யார் சொல்லிக் கேட்டார் என்பதையும் எழுதுவது. தரம் பிரிப்பது பிறகு.

தனுஜா உற்சாகமாகச் சொன்னாள். "பெரியாயி மூணு பேரு பேரையும் தாள்ல எழுதிக்கிட்டுப் போய்க் குடுத்திச்சு அக்கா."

"அவங்களுக்கு எழுதத் தெரியாதே."

"யாராவது எழுதிக் குடுத்திருப்பாங்க."

"நீ பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்? விஜயலெட்சுமி அக்கா சொன்னிச்சு. என் பேர நல்லா எழுதுங்க, தனுஜாவுக்கு முன்னால இனிஷியல் போடுங்க."

விஜயலெட்சுமி அக்காவுக்கு வேறொருவர். அவருக்கு இன்னொருவர். லயத்துப் பையன் துஷாந்த் இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறான். இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. ஆள் மாற மாறக் கதை வளர்கிறது. ஒருவர் கதையில் துரை அவளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார். இன்னொருவர் கதையில் கேக்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு மனிதரின் வேலையை இந்தச் சேற்றுப் பாதையில் நடந்து செய்துகொண்டிருக்கிறேன் என்று.

மார்ச் 5, புதன்

பங்களா வாச்சரைப் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பிடித்தேன். நன்றாக நினைவிருக்கிறது அவருக்கு. "அந்தப் பொம்பள கேட்டுக்கு வெளிய நின்னிச்சு. கையில கிளினிக் கார்ட். லொறி கேட்டுச்சு. தொரை வெள்ளிக்கிழமையே கொழும்புக்குப் போயிட்டாரே, நான் என்னா பண்றது, போன்னு சொன்னேன்."

துரை அங்கே இல்லவே இல்லை.

"அப்ப அந்த மூணு பேரு பேர் யார் குடுத்தது?"

வாச்சர் சிரித்தார். "என்னா டீச்சர் நீங்க! கொழுந்து நிறுக்கிற புஸ்தகத்துல இருக்கே. பத்து நாளும் ஆகக் கொறையப் பறிச்சது யாருன்னு பாத்தா முடிஞ்சிச்சு."

காட்டிக்கொடுக்க ஆளே தேவைப்பட்டிருக்கவில்லை. மெதுவாகப் பறிக்கச் சொன்னால் நிறை குறையும். நிறை குறைந்தால் புத்தகத்தில் பெயரோடு நிற்கும். இது யோசனை சொன்னவருக்குத் தெரியாமலா இருக்கும்?

தெரிந்திருந்தால்...

இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

மார்ச் 8, சனி

ஆறு பேருடைய தொடரும் ஒரே ஆளில் போய் முடிகிறது. கண்ணால் கண்டவர் அந்த ஒருவர்தான். நேற்றே தெரிந்துவிட்டது. இன்று காலை மா பிசையும்போது கேட்டேன்.

"ஆமா, நான்தான் கண்டேன்" என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழம அந்தி. பங்களாப் பாதையில ஏறிப் போனா. கையில ஒரு தாளு இருந்திச்சு."

"அது கிளினிக் கார்ட்."

"எனக்கு எப்பிடித் தெரியும்? தாளுன்னு தெரிஞ்சிச்சு, தாளுன்னு சொன்னேன். மத்தத நான் சொல்லல்ல."

"மத்தத மத்தவங்க சொன்னப்ப நீங்க சும்மா இருந்தீங்க."

அம்மா மாவை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "அந்த மூணு பேரு பொஞ்சாதிமாரும் வேல நிறுத்தின அன்னைக்கு ஒங்கப்பா சட்டையப் பிடிக்க வந்தாங்க. நீ பசறையில இருந்த. நான்தான் வாசல்ல நின்னேன்."

மார்ச் 9, ஞாயிறு

சுத்தமாக எழுதி முடித்தேன். முதலில் ஏழு வாக்குமூலங்கள், ஒவ்வொன்றின் கீழும் பெயர், யாரிடம் கேட்டது, தேதி. ஒரு சொல்லையும் மாற்றவில்லை, கேக் உட்பட. கடைசி இரண்டு பக்கத்தில் என் முடிவு: ஏழில் ஆறு செவிவழி, கண்டவர் ஒருவர், கண்டது நடந்து போனதை மட்டும். வாச்சர் சொன்னது. நிறுக்கிற புத்தகம்.

என் மனிதரும் ஒரு பெரிய தொகுப்பில் தன் அறிவிப்பாளர் தொடர்களைக் கடைசியில்தான் கொடுத்தார். முழுதும் படிப்பவர்களுக்காக எழுதினார் அவர். எனக்கு அந்த அமைப்பு அழகாகத் தோன்றியது.

அழகாக! இந்தச் சொல்லை நான் அடித்துத் திருத்தப்போவதில்லை. இருக்கட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

கொப்பியை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார். "நல்லா எழுதியிருக்க" என்றார். "போயா லீவு அன்னைக்குக் கூட்டத்துல வைப்போம்."

பின்பக்கமாகப் போய் அத்தையிடம் சொன்னேன். முதல் முறையாக அவள் என் கன்னத்தைத் தொட்டாள். தேயிலைச் சாயம் ஏறிய விரல், சொரசொரப்பாக.

மார்ச் 13, வியாழன், பௌர்ணமிப் போயா

நடந்தது நடந்தபடியே எழுதிவிட வேண்டும்.

கோயில் முன்னால் எல்லோரும் இருந்தார்கள். அத்தை வேலிக்கு வெளியே நின்றாள், உள்ளே வர அனுமதி இல்லை. அப்பா பேசினார். "பெரியாயி விசயத்துல சில பேரு மனசு எளகி வருதுன்னு கேள்வி." உண்மைதான், போன வாரம் யாரோ அவள் வாசலில் சீனி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். "அதனால நம்ம புள்ள வீடு வீடாப் போய் விசாரிச்சு எழுதியிருக்கு. எம்.ஏ. படிக்கிற புள்ள. துஷாந்த், வாசி."

துஷாந்த் வாசித்தான். முதலாம் வாக்குமூலம். தனுஜா, இனிஷியலோடு. வாசித்து முடிந்ததும் அப்பா, "தனுஜா, இது நீ சொன்னதா?" என்றார். "ஆமாங்க." "அப்ப சூடத்த அணை." தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அவள் பயந்துபோனாள். பிறகு உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தாள், விஜயலெட்சுமி அக்கா எனக்குச் சொன்னது சத்தியம் என்று.

அது சத்தியம்தான்! விஜயலெட்சுமி அக்கா அவளுக்குச் சொன்னது உண்மை. அடுத்தது விஜயலெட்சுமி அக்கா. அவளுக்கும் ஒருவர் சொன்னது உண்மை. ஒவ்வொருவராக வந்தார்கள், சூடம் அணைத்தார்கள். ஒருவர்கூடப் பொய்ச் சத்தியம் செய்யவில்லை. ஏழாவதாக அம்மா. பாதையில் ஏறிப் போனதைக் கண்டேன், கையில் தாள் இருந்தது, ஆத்தா மேல் சத்தியம். அவள் மட்டும் தயங்காமல் அணைத்தாள்.

துஷாந்த் பக்கத்தைப் புரட்டினான். "இன்னும் இருக்கு தலைவரே."

"போதும்" என்றார் அப்பா.

"அப்பா, கடைசிப் பக்கம்" என்றேன். சொன்னேனா? சொன்னேன். பெண்களுக்குப் பின்னால் நின்று, பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் மறுபடி சொல்லவில்லை. வாசித்தால் அம்மாவைத்தான் முதலில் பிடிப்பார்கள். அடுத்து அப்பாவை. அந்தக் கொப்பி மூடியதும் எனக்குள் என்னவோ இறங்கிச்சு - நிம்மதி. அதுதான் அது. நிம்மதின்னுதான் எழுதணும்.

"ஏழு பேரு சத்தியம்" என்று யாரோ சொன்னார்கள். "எழுத்துலயும் இருக்கு. இனி என்னா?"

வேலிக்கு வெளியே பார்த்தேன். அத்தை கூட்டத்தையோ சூடத்தையோ பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 14, வெள்ளி

"நீங்க கடைசிப் பக்கம் படிக்கல்லயா?"

"படிச்சேன்" என்றார் அப்பா, சவரம் செய்துகொண்டே. "எல்லாம் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்க. யாரும் காட்டிக்குடுக்கல்லன்னா என் பேச்சக் கேட்டுத்தான் மூணு பேரு வேல போச்சுன்னு ஆகும். பொறகு இந்த டிவிசன்ல சங்கம்னு ஒண்ணு இருக்குமா? பெரியாயி ஒருத்தி. சங்கம் முந்நூறு பேரு."

கத்தியைக் கழுவினார். "அவளுக்கு வேண்டியதப் பொறகு பாத்துச் செய்வோம். நீ பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு."

கிளம்பினேன். அதைத்தான் நான் செய்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஆய்வேட்டைத் திறந்தேன். "முரணான அறிவிப்புகளையும் பாதுகாத்தமையே இவரது பெரும் பங்களிப்பாகும்." நான் எழுதிய வாக்கியம்.

வாய்ப்பேச்சாக இருந்தவரை அந்தக் கதை ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் அலுத்துப்போயிருப்பார்கள். சீனி வைத்த ஆள் அடுத்த முறை கதவைத் தட்டியிருப்பாள். நான் அதைப் பிடித்து, ஆளின் பெயர் போட்டு, தேதி போட்டு நிறுத்தினேன். இனி தனுஜா நினைத்தாலும் பின்வாங்க முடியாது. சூடம் அணைத்தாயிற்று.

அவருக்கு இது தெரிந்திருக்குமா? விளக்கத்தை விட்டுவிட்டு, விளக்கம் சொல்லப்பட்ட பொய்யை மட்டும் வாசித்துக் காட்டுகிற ஆட்கள் அவர் காலத்திலும் இருந்திருப்பார்களே. ஒருவேளை அதனால்தான் ஒவ்வொன்றின் பக்கத்திலேயே மறுப்பையும் எழுதினார். தொடர்களைத்தான் கடைசிக்குத் தள்ளினார், தீர்ப்பை அல்ல. நான் எதைப் படித்தேன்? இரண்டு வருடமாக எதைத்தான் படித்தேன்?

மார்ச் 19, புதன்

அந்தியில் தனுஜா வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, கீழ் லயத்து நிரஞ்சலா விசயம் ஒண்ணு இருக்கு. நாங்க அஞ்சு பேரு சொல்றோம். பெரியாயிக்கு எழுதின மாதிரி எழுதிக் குடுங்க."

"போடி" என்றேன்.

அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "ஏன் அக்கா? நீங்க எழுதினாத்தானே நிக்கும்?"

மார்ச் 22, சனி

அத்தை என்னைக் கண்டால் பாதையை விட்டு இறங்கி நிற்கிறாள், நான் கடந்து போகும்வரை. மற்றவர்களுக்கு அப்படிச் செய்வதில்லை.

மார்ச் 27, வியாழன்

மாமாவுக்கு மூச்சு வாங்கி, அத்தை ஆட்டோவில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறாள். ஆட்டோவில் ஏற்ற யாரும் கை கொடுக்கவில்லை. டிரைவரும் அவளுமாகத் தூக்கினார்களாம். அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மா ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள்.

மார்ச் 30, ஞாயிறு

விடியற்காலையில் முடிந்துவிட்டதாம். அந்த ஆட்டோ டிரைவர் வந்து சொன்னார்.

அப்பாவிடம் கேட்டேன். கெஞ்சினேன். காலைப் பிடிக்கவில்லை, அதைத் தவிர எல்லாம் செய்தேன். "நாலு பேர் அனுப்புங்க. நாலே பேர். ஒங்கப்பனுக்கும் அந்த மனுசன்தானே குழியில எறங்கினாரு!"

"ஏழு பேரு சத்தியம் பண்ணின பொறகு யாரு போய்த் தூக்குவாங்க?" என்றார். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. அதை எழுதாவிட்டால் நியாயமில்லை.

மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள் விடுமுறை. முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். பிணவறை வராந்தாவில் மர வாங்கில் அத்தை உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மாமாவின் செருப்பு ஒரு பையில்.

அலுவலகத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தார். பொறுமையானவர். "பிரேதத்தைப் பொறுப்பெடுக்கேல்லை எண்டால் அரசாங்கச் செலவிலை இஞ்சையே அடக்கம் செய்வினம். அதுக்கு மனைவி கடிதம் தரோணும். காரணமும் எழுதோணும். சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ பிள்ளை?"

நான் அத்தையின் பக்கம் திரும்பினேன். "வேணாம் அத்தை. கொண்டு போவோம். நான் எப்பிடியாவது…"

"கொண்டு போயி?" என்றாள். "லயத்து வாசல்ல வச்சுக்கிட்டு நீயும் நானும் மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கிறதா? அந்தப் பாதையில யாரும் வராம அவரு கெடக்கிறத நான் பாக்கணுமா?"

பிறகு, அன்றைய கூட்டத்துக்கு அப்புறம் முதல் முறையாக என் கண்ணை நேராகப் பார்த்து, "எழுது. ஒனக்குத்தான் நல்லா எழுத வருமே" என்றாள்.

வெள்ளைத் தாள் கொடுத்தார்கள். பெயர், வயது, தோட்டம், டிவிசன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்னன்னு எழுதுறது அத்தை?"

"தூக்க ஆள் இல்லன்னு எழுது."

எழுதினேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கீழே சாட்சிக்கு ஒருவர் ஒப்பமிட வேண்டும் என்றார் அந்த அம்மா. என் பெயரைப் போட்டேன்.

அத்தை பெருவிரலை மையில் தோய்த்து என் எழுத்துக்குக் கீழே வைத்தாள். துடைக்க என் கைக்குட்டையை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு, செருப்புப் பையை எடுத்துக்கொண்டு, பஸ் நிலையத்துக்குப் போகும் வழியை அந்த அம்மாவிடம் கேட்டாள்.